வீட்டுக்குள் வேலைக்குப் போய்வந்த பரீனா ராத்தா

பரீனா ராத்தா இறந்துபோன மௌத்துச் செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில்தான் எனக்கு வந்தது. அப்போது நான் வீட்டில், கணினியில் கம்பனிக் கூட்டத்தில் இருந்தேன். பின்னால் சத்தமாக இருக்கிறது, மைக்கை அணையுங்கள் என்றார் திரையில் இருந்த மேலாளர். அணைத்தேன். அழக்கூடப் பயந்து, கூட்டம் முடியும்வரை தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

ராத்தாவை அறிந்தவர்களுக்குத் தெரியும், சாய்ந்தமருதில் அவரும், அவரை அக்கா முறையில் ராத்தா என்று அழைத்த நானும் ஒரே வளைகுடாக் கம்பனிக்கு வீட்டிலிருந்தபடி கணக்கு வேலை செய்தோம். ஆனால் ராத்தா தினமும் வேலைக்குப் போவார். காலையில் அபாயா உடுத்து, கைப்பையை மாட்டி, பிள்ளைகளுக்கு ஸலாம் சொல்லி முன்வாசலால் இறங்குவார். வீட்டைச் சுற்றி வந்து பின்வாசலால் நுழைந்து, சமைக்கும் குசினிக்குப் பக்கத்து அறையில் கணினியைத் திறப்பார். அந்தித் தொழுகைக்கான மஃரிபு வாங்குக்கு முன் அதே வழியால் திரும்பி வந்து, முன்வாசலில் நின்று மறுபடி ஸலாம் சொல்வார். பக்கத்து வீட்டார் "இவளுக்குக் கழண்டுட்டு" என்று சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

ஒருநாள் அந்தியில் நான் ராத்தா வீட்டில் இருந்தபோது மேலாளர் போனில் அழைத்தார். அவர் மதுரைக்காரர். வளைகுடாவில் அப்போது இன்னும் வேலை நேரம்.

"சேர், நான் வீட்ட வந்துட்டன். காலையில பாக்கிறன்" என்றார் ராத்தா.

"வீட்ல இருந்துதானே வேலை பாக்குறீங்க?"

"ஓம் சேர். இப்ப வேலையால வந்துட்டன்."

ராத்தா போனைக் கைப்பைக்குள் வைத்தார். பயமில்லையா என்று கேட்டேன்.

"பயந்தான் புள்ள. ஒவ்வொரு நாளும் பயத்தோடதான் கொம்பியூட்டர மூடுற. பயம் போகட்டும் எண்டு பாத்திருந்தா எப்ப மூடுற?"

அப்படிப்பட்டவரையே ஒரு காலை நெஞ்சுவலி கொண்டுபோய்விட்டது. இவருக்கே இப்படியென்றால் என் கதி என்ன என்று பயந்தேன். மையித்து வைத்திருந்த ஜனாஸா வீட்டில் குர்ஆனின் யாஸீன் ஓதும்போதும் என் கைப்பைக்குள் போன் துடித்துக்கொண்டே இருந்தது. விரல்கள் அதைத்தான் தேடின. ராத்தாவைப் பெற்ற உம்மா என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"புள்ளைகள் மஃரிபுக்குப் பொறகுள்ள உம்மாவப் பத்தித்தான் கதைச்சுக்கிட்டிரிக்கிதுகள். பாடம் சொல்லிக் குடுத்தது, கடக்கரைக்குக் கூட்டிப் போனது."

நான் போனால் என் மகள் என்னைப் பற்றி எதைக் கதைப்பாள்? அவள் தினமும் பார்ப்பது கணினிக்கு முன்னால் இருக்கும் என் முதுகைத்தான்.

நேற்று மேலாளர் எழுதியிருந்தார். ராத்தாவின் வேலையையும் நானே பார்க்க வேண்டுமாம், அந்திக்குப் பிறகும் இருந்து. மஃரிபுக்குப் பிறகு என்னால் இயலாது என்று பதில் போட்டேன். இன்றுவரை மறுமொழி இல்லை. இந்த வேலை போனால் வீடு எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியாது.

அல்லாஹ் ராத்தாவுக்கு மண்ணறையான கப்றில் நிம்மதியைக் கொடுக்கட்டும். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது, பயத்தோடேயே கணினியை மூடும் அந்தப் பழக்கம் ஒன்றுதான். இன்று மஃரிபுக்கு முன் மூடினேன். சத்தம் கேட்டு மகள் எட்டிப் பார்த்தாள்.

"உம்மா, வேல முடிஞ்சா?"

"ஓம் மகள்" என்றேன். அவள் நம்பவில்லை. அறை வாசலிலேயே நின்றாள்.