முழங்கை வைத்துப் பார்த்த வெந்நீர்

எழுபதுகளின் நடுவில், மயிலாப்பூரில் ஒரு நர்ஸிங் பள்ளியில் குழந்தை நலப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கோபம் மட்டும் காலையில் என்னோடு எழுந்து, என்னோடு பஸ் ஏறி, என்னோடு வகுப்புக்குள் வந்துவிடும்.

வராமல் என்ன செய்யும்? பச்சைக் குழந்தையைத் தூக்கும்போது பிடரிக்குக் கை கொடு என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். ஒருத்தி பொம்மையைக் காலைப் பிடித்துத் தூக்குவாள். தொப்புளில் எதையும் தடவக் கூடாது என்று நோட்டில் எழுதிக்கொண்டே இன்னொருத்தி, "எங்க ஊர்ல சாம்பல் வைப்பாங்க மேடம்" என்று சந்தோஷமாகச் சொல்வாள். பொம்மையாவது உருப்படியா? ரப்பர் பொம்மை, ஒரு கை கழன்று போய் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தது. முப்பது பெண்களுக்கும் அது ஒன்றுதான் குழந்தை.

குளிப்பாட்டும் பாடத்தை மட்டும் மந்திரம் மாதிரி உருப்போட வைத்திருந்தேன். சாமான்களை வரிசையாக வை, பேசினில் தண்ணீர் ஊற்று, முழங்கையை நனைத்துப் பார், "டெம்பரேச்சர் கரெக்ட் மேடம்" என்று சத்தமாகச் சொல், அப்புறம் குழந்தையை எடு. ஒன்றை விட்டாலும் மார்க் கிடையாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இதைப் பிசகில்லாமல் செய்பவள் ஒருத்தி இருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். விடுதியில் தங்கிப் படித்தாள். அவள் படிப்பை நம்பி ஊரில் ஒரு குடும்பம் இருந்தது. அவள் நோட்டில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. மற்றவர்களைத் திட்டும்போதெல்லாம், "அவளைப் பார்த்தாவது கத்துக்கோங்களேன்" என்பேன்.

ஒருநாள் வீடு வீடாகப் போய்த் தாய் சேயைப் பார்க்கும் பயிற்சிக்காக நான்கு பேரைச் சைதாப்பேட்டைக்கு அழைத்துப்போனேன். ஆற்றோரம் ஒரு சின்ன வீடு. பிரசவமாகி ஒன்பது நாள் ஆன பெண் பாயில் படுத்திருந்தாள். அவளுடைய அக்கா, மார்க்கெட்டில் காய் விற்பவர், காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டத் தயாராக இருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "இப்படிக் குளிப்பாட்டக் கூடாதும்மா, எங்க பொண்ணுங்க சரியான முறையைக் காட்டுவாங்க" என்றேன்.

"நாங்க இன்னா தெரியாதவங்களா? ரெண்டு பெத்து வளத்துக்கினு தானே கீறேன்" என்று அவர் முறைத்தார். ஆனாலும் எழுந்து, ஆவி பறக்க ஒரு குண்டான் வெந்நீரையும் ஒரு பக்கெட் பச்சைத் தண்ணீரையும் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

மானம் போய்விடக் கூடாதே என்று தூத்துக்குடிப் பெண்ணையே கூப்பிட்டேன். அவள் ஆரம்பித்ததும், இந்தப் பக்கம் இன்னொருத்தி மருந்துப் பையை ஈரத் தரையில் அப்படியே வைத்துவிட்டாள். யார் வீட்டுக்குப் போனாலும் செய்தித்தாளை விரித்து அதன்மேல்தான் பையை வைக்க வேண்டும். எத்தனை தடவை சொல்வது! நான் திரும்பி அவளைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தேன்.

முதுகுக்குப் பின்னால், "டெம்பரேச்சர் கரெக்ட் மேடம்!" என்று கணீரென்று குரல் கேட்டது. "ம், மேலே செய்" என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அடுத்த நொடி குழந்தை வீறிட்டது. நான் திரும்புவதற்குள் பெரியம்மாக்காரி பாய்ந்து வந்து பிள்ளையைப் பிடுங்கியிருந்தார். "இன்னாம்மா, கொயந்தைய குளிப்பாட்றியா, வேக வைக்கிறியா?" என்று அவர் போட்ட கூச்சலில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பாயில் கிடந்த தாய் எழுந்திருக்க முடியாமல் அழுதாள். குழந்தையின் வலது குதிகால் மட்டும்தான் தண்ணீரில் பட்டிருந்தது. அது செக்கச்செவேலென்று சிவந்திருந்தது. பச்சைத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தேன். கொப்புளம் வரவில்லை. இன்னும் ஒரு கணம் தாமதித்திருந்தால் அந்தப் பிஞ்சு உடம்பு என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிக்கப் பயமாக இருக்கிறது.

தெருவுக்கு வந்ததும் அந்தப் பெண்ணைப் பொரிந்து தள்ளினேன். "முழங்கையை வச்சுப் பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன் மேடம்."

"சுடலையா?"

"சுட்டுது மேடம்."

"அப்புறம் எதுக்குடி கரெக்ட்னு சொன்னே?"

அவள் தேம்பிக்கொண்டே சொன்னாள். "அந்த இடத்துல வேற என்ன சொல்லணும்னு நீங்க சொல்லித் தரலியே மேடம்."

எங்கள் வகுப்பில் பேசினில் இருப்பது குழாய்த் தண்ணீர். ஒருநாள்கூட அதைச் சுடவைத்ததில்லை. வெந்நீரைப் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவ வேண்டும் என்பது என் பட்டியலிலேயே இல்லை. ஜில்லென்ற தண்ணீரில் முழங்கையை நனைத்து "கரெக்ட்" என்று பொய் சொல்லத்தான் அவளுக்கு முழு மார்க் போட்டிருந்தேன்.

விஷயம் எங்கள் பிரின்சிபால் அம்மாவுக்குப் போனது. "யாருன்னு எழுதிக் கொடுங்க. விடுதியைக் காலி பண்ணிட்டு ஊருக்குப் போகட்டும்" என்றார் அவர். ஒரு நிமிஷம் தயங்கினேன் என்பதை மறைக்கமாட்டேன். அவள் பெயரை எழுதிவிட்டால் என் தலை தப்பும். கடைசியில் என் பெயரை எழுதி, குழாய்த் தண்ணீர்க் கதையையும் எழுதி, வகுப்புக்கு வெந்நீர் வேண்டும் என்றும் கேட்டேன். "குடிக்கிற தண்ணிக்கே லாரியை எதிர்பார்த்துக்கிட்டிருக்கோம், இதுல உங்களுக்கு வெந்நீரா?" என்று அவர் எரிந்து விழுந்தார். ஆறு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் படிப்பு பிழைத்தது.

என் வீட்டு ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு போய் வகுப்பில் வெந்நீர் வைத்தேன். வேண்டுமென்றே சூட்டைக் கூட்டி, ஒவ்வொருத்தியாகப் பார்க்கச் சொன்னேன். முதல் ஏழு பேரும் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, "டெம்பரேச்சர் கரெக்ட் மேடம்" என்றார்கள். கத்த வாயெடுத்தேன். யாரைப் பார்த்துக் கத்துவது?

சைதாப்பேட்டைக்கு நான்கு நாள் தொடர்ந்து போனேன். மூன்று நாள் வாசலோடு சரி. பெரியம்மாக்காரி குழந்தையின் காலை மட்டும் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். நான்காம் நாள் சிவப்பு சுத்தமாக மறைந்திருந்தது. அன்று என்னோடு வந்திருந்த தூத்துக்குடிப் பெண் குழந்தையின் காலைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். அந்த அம்மாளுக்கு என்ன தோன்றியதோ, அவளை உள்ளே இழுத்து, குழந்தைக்கு வைத்திருந்த வெந்நீரில் அவள் கையை முக்கினார்.

"சொல்லு, எப்டி கீது?"

அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"அவங்களை ஏன் பாக்குற? உன் கை தானே உள்ள கீது?"

"சூடு ஜாஸ்திக்கா."

"அப்ப விளாவு."

மூன்று சொம்பு பச்சைத் தண்ணீர் விட்டு, நான்கு தடவை கை வைத்துப் பார்த்து, அன்றைக்கு அவள்தான் குளிப்பாட்டினாள். குழந்தை அழவில்லை. நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகும் பல வருஷம் பாடம் எடுத்தேன், கோபமும் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் தண்ணீர் சுட்டது அவளுக்குத் தெரிந்திருந்தும் என்னிடம் சொல்ல முடியாதபடி நான் இருந்திருக்கிறேன் என்பதை நினைத்தால், இத்தனை காலம் கழித்தும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.