பாதி அன்னம்

எங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் முதலில் தறிமேல் துண்டு விழும். அப்புறம்தான் "வாங்க, உக்காருங்க" எல்லாம். நெய்துகொண்டிருக்கும் புடவையின் கரை வந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது. பால்காரர் வந்தாலும் துண்டு, சொந்தச் சித்தப்பா வந்தாலும் துண்டு. ஆரணியில் பட்டுத்தறி ஓடும் வீடுகளில் இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. தொழில் தெரிந்த கண்ணுக்கு ஒரு பார்வை போதும், அடுத்த மாதமே அதே கரை பக்கத்துத் தெருவில் ஓட ஆரம்பித்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த எனக்கு ஆளைப் பார்த்ததும் சந்தேகப்படுவது மூச்சு விடுவதுபோலப் பழகிவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசி. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு நான் வீட்டில் கிடந்த கோடை அது. அக்காவுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கு முள்ளிப்பட்டு. அவர்கள் வீட்டிலும் இரண்டு தறி. ஆவணியில் கல்யாணம். நடுவில் கிடந்த நாலு மாதமும் மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார். அக்காவைத் தனியாக அனுப்ப மாட்டார்கள் என்பதால் எங்கே போனாலும் நானும் கூடப் போனேன்.

எனக்கு அந்த ஆளைப் பார்த்த நாளிலிருந்தே பிடிக்கவில்லை. எதைச் சொன்னாலும் சிரிக்கிறார். அம்மாவுக்கு முட்டி வலி என்று ஒரு தடவை காதில் விழுந்தது, அடுத்த வாரம் தைலத்தோடு நிற்கிறார். அதிவிநயம் தூர்த்த லட்சணம், அளவுக்கு மீறிப் பணிகிறவன் அயோக்கியன் என்று எங்கள் தமிழ் வாத்தியார் அடிக்கடி சொல்வார். அது இவருக்காகவே சொன்னதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

தமிழ் வருஷப் பிறப்புக்கு ஒரு பெரிய படம் வந்தது. ஊரே தியேட்டர் வாசலில் நின்றது. எங்கள் அப்பா அதை நாலு தடவை பார்த்தார். சினிமாப் பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம், கதாநாயகன் பேர்கூட அவருக்குச் சரியாகத் தெரியாது. ஒரு பாட்டில் கதாநாயகி கட்டிக்கொண்டு வரும் புடவைதான் காரணம். கல்யாணப் பெண்கள் அந்தப் புடவையைத்தான் கேட்பார்கள். முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பாட்டு வரும்போது மட்டும் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துக் கிறுக்குவார். நாலாவது தடவை நானும் கூடப் போனேன். முன் வரிசை முழுக்க எங்கள் ஊர்ப் பட்டு முதலாளிகள். எல்லார் மடியிலும் தாள். ஒருத்தர் தாளை ஒருத்தர் பார்த்துவிடாமல் கையை மறைத்துக்கொண்டு, பரீட்சை எழுதும் பிள்ளைகளைப் போல உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு முடிந்ததும் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

அப்பா அதை அப்படியே காப்பி அடிக்கவில்லை. படத்தில் இருந்தது ஒற்றைப் பறவை. அப்பா போட்டது எதிரெதிராக நிற்கும் இரண்டு அன்னம், நடுவில் ஒரு மொட்டு. கிராப் தாளில் சின்னச் சின்னக் கட்டமாக நிரப்பி வரைந்து, அதைப் பார்த்து அட்டையில் துளை போட்டுத் தறிமேல் ஏற்றினால்தான் கரை விழும். பதினைந்து நாள் வரைந்தார். முதல் புடவை அக்காவின் முகூர்த்தப் புடவை. கல்யாணத்துக்கு வரும் ஊர்ச்சனம் அதைப் பார்க்கும், அப்புறம் கேட்டு வரும். அதுவரைக்கும் காத்துகூட அதைப் பாக்கக் கூடாது என்றார்.

இந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை என்னிடம், "உனக்கு இன்னா பாப்பா புடிக்கும்?" என்று கேட்டார். அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. எதற்குக் கேட்கிறார் என்று முதலில் யோசித்தேன். அப்புறம் வாய் பொறுக்காமல் சொல்லிவிட்டேன், வீடியோ கேம் என்று.

நான் அதுவரை ஒரு தடவைகூட விளையாடியதில்லை. படித்ததோடு சரி. நூலகத்துக்கு வரும் பேப்பரில் வாரம் ஒருநாள் கம்ப்யூட்டர் பக்கம் வரும், அதன் மூலையில் நாலு வரி வீடியோ கேம் செய்தி. ஜப்பானில் புது மிஷின் வந்திருக்கிறது, பொம்மை மனுஷன் மாதிரியே திரும்பிப் பார்க்கிறது என்றெல்லாம் போடுவார்கள். ஒரு வரிகூட நான் நம்பியதில்லை, ஆனால் ஒரு வாரமும் விட்டதில்லை. ஊரில் ஒரே ஒரு கேம் கடை இருந்தது. ஒரு வீட்டின் முன்னறையில் இரண்டு டிவி. உள்ளே முழுக்கப் பையன்கள். பொம்பளைப் பிள்ளை எட்டிப் பார்க்க முடியாது.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை எங்கள் இருவரையும் நேராக அங்கே கூட்டிப் போய், "எங்க பாப்பாவுக்கு எடம் வுடுங்கப்பா" என்றார். ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கான விளையாட்டு என்று மேலே எழுதியிருந்தது. என் குணம்தான் தெரியுமே. வரிசையாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். இருபதுக்கு மேல் எல்லாம் பழையதே, கேசட் போட்டவன் பேரை மட்டும் மாற்றி வைத்திருந்தான். கடைக்காரரிடம் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கல்யாணத்துக்கு உனக்கு ஒரு டிவி கேம் செட்டு என் செலவு" என்றார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவரை மாமா என்று கூப்பிட்டேன்.

அதிலிருந்து அந்தக் கடைக்கு நான்தான் செய்தி வாசிப்பவள். பேப்பரில் வந்ததைப் போய்ச் சொல்வேன், பையன்கள் "உடான்ஸ் வுடாத" என்பார்கள். விளையாட்டில் வரும் துப்பாக்கிக்காரனைக் கிராப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து கொண்டுபோனேன். டிவியில் தெரிவது மாதிரியே இருந்தது. கடைக்காரர் பெருமையாக அதைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்.

வைகாசியில் அம்மன் கோயில் திருவிழா. வேலூரிலிருந்து பாட்டுக் கச்சேரி வந்தது. சாயந்திரம் ஏழு மணிக்கெல்லாம் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டோம். மாமாவும் வந்திருந்தார். இரண்டாவது பாட்டுக்குப் பாடகி மேடைக்கு வந்தாள். மாம்பழ மஞ்சள் புடவை. கரையில் எதிரெதிராக இரண்டு அன்னம், நடுவில் மொட்டு.

அப்பா எழுந்து நின்றார். "உக்காருய்யா, மறைக்குது" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அவர் காதில் விழவில்லை. கூட்டத்தைத் தாண்டி மேடைக்குக் கிட்டே போய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். திரும்பி வந்தவர் எங்களைப் பார்க்கவில்லை, மாமாவை மட்டும் பார்த்தார். இருபது நாளுக்கு முன்னால் தறிமேல் துண்டு நழுவியிருந்த நேரத்தில் மாமா உள்ளே வந்து, "அன்னம் நல்லா வந்துகீது மாமா" என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். அது எங்கள் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது வருத்தமே வரவில்லை. ஜெயித்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு நடக்கும்போது அம்மாவிடம், "நான் அப்பவே நெனச்சேம்மா, அந்த ஆளு இளிக்கிற இளிப்பே சரியில்லன்னு" என்றேன். அக்கா எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அப்பா வெறிபிடித்ததுபோல் கிராப் தாள்களை எடுத்து எண்ணினார். வரைந்து வீணானவற்றைக்கூட அவர் தூக்கிப் போட மாட்டார், பரண்மேல் கட்டி வைத்திருப்பார். அதில் ஒன்று குறைந்தது. துப்பாக்கிக்காரனை வரைய நான் எடுத்தது அந்தக் கட்டிலிருந்துதான். எடுத்தபோது பின்பக்கம் பார்த்தேன், பார்க்காமல் இல்லை. ஒரே ஒரு அன்னம் இருந்தது. அதுவும் மொட்டு பாதியில் நின்றுபோயிருந்தது. பாதிதானே, இதை வைத்து யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று நினைத்தேன். தறிக்காரன் வீட்டுப் பெண் நினைக்கிற நினைப்பா அது? இடப்பக்கத்தைத் திருப்பிப் போட்டால் வலப்பக்கம். பாதி கிடைத்தவனுக்கு முழுசும் கிடைத்த மாதிரி. எங்கள் தெருவில் ஆறு வயசுப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் என் புத்தி முழுக்கத் துப்பாக்கிக்காரன்மேல் இருந்தது.

கேம் கடைக்கு ஓடினேன். கயிறு இருந்தது, தாள் இல்லை. "இன்னா பேப்பரு? இங்க ஆயிரம் பேரு வர்றான் போறான். காலங்காத்தால பேஜார் பண்ணாத, போம்மா" என்றார் கடைக்காரர். அவர் கண் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பையன்களில் யார் வீட்டில் தறி இல்லை? யாரைப் பிடித்துக் கேட்பது?

அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எவ்ளோ அழகா சொல்லிக் குடுத்துகிறான் பாரு" என்றார்.

"இல்லப்பா, நான்தான் எடுத்தேன்."

"டிவி கேம் செட்டு வாங்கித் தரேன்னானா இல்லியா?"

"சொன்னாரு. அது வேற..."

"நேத்து ராத்திரி நீதானேடி சொன்னே, அவன் இளிப்பே சரியில்லன்னு?" என்றாள் அம்மா. "இன்னிக்கு மாத்திப் பேசற. யார் வந்து பேசினாங்க உன்கிட்ட?"

அதற்குமேல் நான் என்ன சொன்னாலும் அது மாமா சொல்லிக் கொடுத்ததாகவே ஆனது. எவ்வளவு விவரமாகச் சொன்னேனோ அவ்வளவு நன்றாகப் பாடம் பண்ணியிருக்கிறேன் என்றார்கள். ஜென்மம் பூராவும் ஊரைச் சந்தேகப்பட்டவளுக்கு, தன் பேச்சை ஒருத்தரும் நம்பாதபோது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் வைத்துக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும் என்று முள்ளிப்பட்டுக்குச் சொல்லி அனுப்பினார் அப்பா. மாமா வந்தார். கூட அவர் அம்மா. "என் புள்ளைய திருடன்னு நிக்க வெச்சிட்டீங்களே" என்று அந்தம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சன்னதிக்கு முன்னால் தட்டில் கற்பூரம் எரிந்தது. மாமா சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "சத்தியம் பண்றேன் மாமா" என்றார். "ஆனா பண்ணிட்டு நான் என் வழியப் பாத்துகினு போயிடுவேன். சத்தியம் பண்ண வெச்ச வூட்ல பொண்ணு எடுக்க மாட்டேன்."

கல்யாணம் நின்றுவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். மாமா கையை நீட்டினார். அதற்குள் அக்கா குறுக்கே வந்து தன் உள்ளங்கையைக் கற்பூரத்தின்மேல் அழுத்தினாள். "இவரு எடுக்கல. அம்மன்மேல ஆணையா நான் சொல்றேன்" என்றாள். எரிந்தது நன்றாக அணையும்வரை கையை எடுக்கவில்லை. அம்மா அலறினாள். பூசாரி திருநீறை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அக்கா அந்த அன்னப் புடவையைத்தான் கட்டிக்கொண்டாள். அதற்குள் அந்தக் கரை வேலூர்க் கடைகளிலெல்லாம் தொங்கியதால் யாரும் வந்து கேட்கவில்லை. அப்பா மாப்பிள்ளையை மரியாதையாகத்தான் நடத்தினார், ஆனால் அவர் வரும்போதெல்லாம் தறிமேல் துண்டு போட்டார். மாமாவுக்கும் அது தெரியும். வாசலில் நின்று இரண்டு தடவை இருமுவார். துண்டு விழும் அளவுக்கு நேரம் கொடுத்துவிட்டு உள்ளே வருவார். அப்பா போய்ச் சேரும்வரை இது நடந்தது. டிவி கேம் செட்டை அவர் சொன்னபடி வாங்கித்தான் கொடுத்தார். அதை நான் பெட்டியைவிட்டு எடுக்கவே இல்லை.

எட்டு வருஷம் கழித்து, வேலை கிடைத்த புதிதில், லீவுக்கு முள்ளிப்பட்டு போயிருந்தேன். மத்தியானம். அக்கா கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். உள்ளறையில் மாமா நெய்துகொண்டிருந்தார்.

"ஒண்ணு கேப்பேன், நெஜத்தச் சொல்லணும்" என்றாள் அக்கா.

"கேளுக்கா."

"அந்தத் தாளு. நீ எடுத்துகினு போனது நெஜந்தானா? இல்ல, அவரு சொல்லச் சொல்லிச் சொன்னியா?"

"கற்பூரத்துல கை வெச்சியேக்கா" என்றேன்.

"வெச்சேன். வெக்கலன்னா அன்னிக்கே எல்லாம் முடிஞ்சிருக்கும்." அவள் காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இத்தினி வருஷம் குடும்பம் பண்ணிட்டேன். நல்ல மனுஷன்தான். ஆனாலும் சில நாளு அந்த மூஞ்சப் பாக்கறப்போ, இருக்குமோன்னு தோணுது."

"நான்தான்க்கா. சத்தியமா நான்தான்."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள். நம்பிவிட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

அப்போதுதான் உள்ளே தறிச் சத்தம் இல்லை என்பது உறைத்தது. எப்போது நின்றது என்று நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மாமா சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

"கடைக்குப் போறேன். இன்னா வோணும்?" என்றார்.

"தயிர்" என்றாள் அக்கா.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார், செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். நாங்கள் பேசியது காதில் விழுந்ததா என்று அக்கா அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.