ரவிக்கை போட்ட மாதா

கலியாணமாகி நான் வாழப்போன ரப்பர் தோட்டம் மலாயாவில், ஈப்போவுக்குப் பக்கம் ஜெலாப்பாங் தாண்டி உள்ளே இருந்தது. என் வீட்டுக்காரர் அங்கே கணக்கு எழுதும் கிராணி. தோட்டத்து வேதக்கோயிலிலும் அவர் வைத்ததுதான் சட்டம். துரைக்கு முன்னால் வில்லாய் வளைந்து நிற்பார். வளைந்த முதுகை எங்களிடம் வந்து நிமிர்த்திக்கொள்வார். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது அருவருப்புதான்.

தலைப்பிள்ளை பிறந்ததும், "துரை வீட்டம்மா புட்டியிலதான் குடுக்குறாங்க. நாம என்ன லயத்து ஆளா?" என்றார். தாய்ப்பால் கொடுப்பது லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் கூலிக்காரிகள் செய்கிற காரியம் என்பது அவர் கண்டுபிடிப்பு. ஈப்போவுக்குப் போய் டின் பாலும், கூடவே ஒரு பொட்டலம் மல்லிகைப்பூவும் வாங்கிவந்தார். கலியாணத்துக்குப் பிறகு அவர் எனக்கு வாங்கித் தந்த முதல் பூ அது. தலையில் வைக்க அல்ல. மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள். என் பிள்ளை பக்கத்தில் கிடந்து வீறிட, மருத்துவச்சி எனக்குக் கட்டிவிட்டாள். அதிலிருந்து மல்லிகை வாசம் பட்டாலே எனக்குக் குமட்டும்.

அந்தச் சமயத்தில்தான் படம் வந்தது. எப்போதாவது பூசை வைக்க வரும் வெள்ளைக்காரச் சாமியார் தன் ஊருக்குப் போய்த் திரும்பியபோது கொண்டுவந்து கோயிலில் மாட்டினார். இத்தாலி தேசத்து ஓவியன் ஒருவன் நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதியதன் அச்சுப்படம். பெரிய சட்டம், கண்ணாடி. மாதா பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். ஒரு பக்கத்து மார்பு திறந்திருக்கிறது.

அந்தக் காலத்துப் படங்களைப் பற்றி ஈப்போவில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் எனக்குக் கொஞ்சம் சொல்லித் தந்திருந்தார்கள். அதற்கு முந்தி வரைந்த மாதா தங்கப் பூச்சுக்கு நடுவே விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், மடியில் கிழவன் முகத்தோடு ஒரு பிள்ளை. மறுமலர்ச்சிக் காலம் என்கிறார்களே, அப்போது வந்தவர்கள் ரோமாபுரியின் பழைய சிலைகளை உற்றுப் பார்த்தார்கள். செத்த உடம்பை அறுத்து, நரம்பும் சதையும் எப்படி ஓடுகிறது என்று பார்த்தார்கள். மனுஷ உடம்பு வெறும் பாவ மூட்டையில்லை என்று எழுதிக் காட்டத் துணிந்தார்கள். இதையெல்லாம் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரீ, அம்மணப் படம் வந்தால் மட்டும் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிடுவாள்.

இந்தப் படத்துப் பிள்ளைக்கு மணிக்கட்டில் மடிப்பு இருந்தது. கால் விரல்களைச் சுருக்கிக்கொண்டு குடித்தது. எழுதியவன் யாரோ ஒரு தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் எழுதியிருப்பான். மார்பு வற்றிப்போன என்னால் அதை அழாமல் பார்க்க முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனால், பிள்ளையின் கன்னத்துக்கு நேராகக் கண்ணாடியில் ஒரு மைப்பொட்டு. லயத்தில் இருந்த, ரப்பர் பாலுக்கு மரம் சீவுகிற ஒருத்தி வைத்தது, அவளும் கைப்பிள்ளைக்காரி. "இம்புட்டு அழகா இருக்கு, கண்ணு படாதா கிராணியம்மா?" என்றாள். என் வீட்டுக்காரர் துடைத்தார். அவள் மறுபடி வைத்தாள். நானூறு வருஷத்துக்கு முந்திய அந்த ஓவியனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை எந்த அரண்மனையிலும் கிடைத்திருக்காது.

வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "ஆம்பளைங்க எப்படி நிமிந்து பாக்குறது?" என்று கேட்டு, ஈப்போவில் கடைப்பலகை எழுதும் ஆள் ஒருவனைக் கூட்டிவந்தார். கண்ணாடியைக் கழற்றி, மாதாவுக்கு ரோஜா நிறத்தில் ரவிக்கை போடச் சொன்னார். புஸ்ஸென்று கை வைத்து, கழுத்தில் லேஸ் வைத்து, அந்த ஆளும் போட்டுக்கொடுத்தான். குரங்கு கையில் பூமாலை. பிள்ளை இப்போது துணியைச் சப்பிக்கொண்டிருந்தது. ரோமாபுரியிலேயே பின்னால் வந்த பெரிய மனுஷர்கள் இப்படி ஆள் வைத்து, கோயில் சுவரிலிருந்த அம்மண உருவங்களுக்குத் துணி உடுத்திவிட்டார்கள் என்று பள்ளியில் கேட்டிருக்கிறேன். சீ, அந்த வம்சம் கடல் தாண்டி என் வீட்டுக்கே வந்து சேர்ந்திருந்தது.

டின் பால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வயிறு உப்பி, கைகால் சூம்பி, ஓயாமல் பேதி. தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்துக்கும் நிற்கவில்லை. நான் திருட்டுத்தனமாய் மார்பில் போட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை. பிள்ளை செத்துப்போகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவரோ இன்னும் விலை கூடின டின் வாங்கிவந்தார்.

சாமியார் வந்த அடுத்த பூசைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். எங்களைப் போன்றவர்களுக்கு முன்வரிசையில் பெஞ்சு. லயத்து ஆட்கள் பின்னால் தரையில். வேதத்தில் சேர்ந்த பிறகும் சாதி மட்டும் ஞானஸ்நானம் வாங்கவில்லை. பிள்ளையின் அழுகை பூனைக்குட்டிச் சத்தமாய்த் தேய்ந்துகொண்டே வந்தது. படத்துக்குப் பொட்டு வைத்தவள் தன் பிள்ளையைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு, எல்லாரையும் தாண்டி முன்னால் வந்தாள்.

"குடுங்க கிராணியம்மா."

கொடுத்தேன். படத்துக்குக் கீழேயே தரையில் உட்கார்ந்து, முந்தானையை விலக்கிப் பிள்ளையை அணைத்துக்கொண்டாள். "ஏய், எந்திரி! வெளிய போ!" என்று வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவள் காதில் வாங்கவில்லை. சாமியார் திரும்பிப் பார்த்தார், பிறகு பூசையைத் தொடர்ந்தார். பிள்ளை மடக் மடக்கென்று விழுங்குவது கோயில் முழுக்கக் கேட்டது.

வீட்டுக்கு வரும்போது பிள்ளை என் தோளில் வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"பிள்ள வாயக் கழுவு. எந்தச் சாதிக்காரி பாலோ."

செம்பை வாங்கினேன். வாசற்படியில் நின்று அந்தத் தண்ணீரில் என் காலைக் கழுவிக்கொண்டு, பிள்ளையோடு அவள் இருந்த லயத்துக்கு நடந்தேன். பிள்ளைக்குப் பல் முளைக்கிறவரைக்கும் நாங்கள் அங்கேதான் இருந்தோம்.