இருபது நிமிடம் தாமதமாக அடித்த டார்ச்

ஆர்த்தாப்டிக்ஸ் என்றால் வேங்கிக்காலில் எங்கள் தெருவில் யாருக்கும் புரியாது. மாறுகண், இரட்டைப் பார்வை இரண்டையும் அளந்து பயிற்சி கொடுக்கிற படிப்பு என்று அம்மா எல்லோருக்கும் விளக்குவாள். கடைசி ஆண்டுப் பயிற்சிக்கு ஊரிலேயே ஒரு கண் மருத்துவமனையில் சேர்ந்தேன். பெரும்பாலும் கண்ணாடிக்கு வருகிறவர்கள்தான். தேர்வுக்குக் காட்ட வேண்டிய என் பதிவேட்டில் நரம்பு பாதித்த கேஸ் ஒன்றுகூட இல்லை.

ஒரு பௌர்ணமியன்று காலையில், அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா மகளோடு வந்தார்.

"நேத்துலேர்ந்து எல்லாமே ரெண்டு ரெண்டாத் தெரியுது மேடம். தலைவலி வேற தாங்கல."

வலது இமை பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. விரலால் தூக்கிப் பார்த்தேன். கருவிழி வெளிப்பக்கம் ஒதுங்கி நின்றது. மூக்குப் பக்கம் பார்க்கச் சொன்னால் அந்தக் கண் நகரவே இல்லை. கண்ணை அசைக்கும் மூன்றாம் நரம்பின் கோளாறு. அதுவரை புத்தகத்தில் மட்டும் பார்த்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. கண் எவ்வளவு விலகியிருக்கிறது என்று ப்ரிசம் வைத்து அளந்தேன், எழுதினேன், படம் வரைந்தேன். இருபது நிமிடம் போன பிறகுதான் டார்ச் அடித்தேன். இடது கண்ணின் பாப்பா சுருங்கியது. வலது பாப்பா அகலமாக அப்படியே நின்றது.

முதலில் பார்த்திருக்க வேண்டியது அது. மூளையில் ரத்தக்குழாய் வீங்கி அந்த நரம்பை அழுத்தினால் இப்படி ஆகும். குழாய் வெடித்தால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

ஆனால் முன்னறையில் போடும் சொட்டு மருந்தும் பாப்பாவை விரிக்கும். நர்ஸிடம் ஓடினேன்.

"கூட்டம் ஜாஸ்திம்மா. போட்டேனா இல்லையானு ஞாபகம் இல்ல."

டாக்டர் அறுவை அறையில் இருந்தார். கதவருகே நின்று சத்தமாகச் சொன்னேன். அவர் திரும்பாமலே, "சொட்டு போட்டிருப்பாங்க" என்றார்.

"சொட்டு போட்டா இமை இறங்காது சார். கண்ணும் உள்பக்கம் நகரல."

அவர் கையை நிறுத்தித் திரும்பினார். "ஆம்புலன்ஸைக் கூப்பிடு. மெடிக்கல் காலேஜுக்கு நான் பேசறேன். அவங்கள நடக்க விடாத."

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தால் நாற்காலி காலி.

தெருவில் ஓடினேன். கிரிவலக் கூட்டம் அப்போதே வரத் தொடங்கியிருந்தது. முனையில் மகள் ஆட்டோ பேசிக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு கண்ணைப் பொத்தியபடி நின்றார்.

"இன்னைக்குக் கடையப் பூட்ட முடியாது. நாளைக்கு வரேன், விடு."

"நாளைக்கு வர முடியாமலே போயிடலாம்மா."

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா இன்னா பேச்சு பேசற நீ?" என்று அவர் நடுத்தெருவில் திட்டித் தீர்த்தார். மகள் மட்டும் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தாயின் தோளை அழுத்தி அங்கிருந்த படியில் உட்காரவைத்தாள். "எழுந்திருக்காதம்மா" என்றாள்.

ஆம்புலன்ஸ் கிரிவலத் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு வர நேரமாயிற்று. நானும் ஏறிக்கொண்டேன். வழியில் அவர் இரண்டு முறை வாந்தி எடுத்தார். ஒவ்வொரு முறையும் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஸ்கேனில் வீக்கம் தெரிந்தது. அன்றே வேலூருக்கு அனுப்பினார்கள். வெடிப்பதற்குள் அந்த வீக்கத்தை அடைத்துவிட்டார்கள் என்று மறுநாள் எங்கள் டாக்டர் சொன்னார். நான் இருபது நிமிடத்தைப் பற்றிச் சொன்னேன். "முதல்ல டார்ச்" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நான்கு மாதம் கழித்து அந்த அம்மாவும் மகளும் வந்தார்கள். இமை ஏறியிருந்தது. மேலே பார்த்தால் மட்டும் இன்னும் இரண்டாகத் தெரிகிறதாம். அந்த நாளில் நடந்த எதுவுமே அவருக்கு நினைவில்லை. மகள்தான் என்னைக் காட்டி நடந்ததைச் சொன்னாள்.

"உன்னையாம்மா திட்டினேன்? மனசுல வெச்சுக்காத."

"இல்லம்மா" என்றேன். முதலில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பிறகு முகவாயைப் பிடித்து நேராக நிறுத்தி, ப்ரிசத்தை அவர் கண் முன்னால் வைத்தேன்.