அரசருக்கு மட்டும் ‘ங்க’

எங்கள் நாட்டில் ஆட்சி கவிழ்ந்த செய்தி முதன்முதலில் என் காதில்தான் விழுந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் குழலை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அப்படித்தான். சபைத் தலைவரே லைனில் வந்தார். “ஏனுங்க அம்மணி, பாலக்காட்டு ரயிலு எத்தன மணிக்குன்னு ஸ்டேஷன்ல கேட்டுச் சொல்றீங்களா?” என்றார். அவருக்குப் பின்னால் டமார் என்று ஒரு சத்தம். “சித்த வெசயாக் கேளுங்க” என்று அவசரப்படுத்தினார். அதோடு சபை முடிந்தது.

முதல் யுத்தம் முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போக, ஆளுக்கொரு நாடாகப் பிரிந்துகொண்டோம். எங்களுக்குக் கொங்கு நாடு, கோயமுத்தூர் தலைநகரம். ஓட்டுப் போட்டு, சபை அமைத்து, மில்லும் மோட்டாருமாக ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. முப்பதுகளின் நடுவில், ஒரு காலத்தில் இங்கே ஆண்ட வம்சத்தின் வாரிசு என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து இறங்கினார். சின்ன வயதிலேயே சீமைக்குப் போய் அங்கேயே வளர்ந்தவர். நாலு லாரி நிறையக் கூலிப் பட்டாளம், ஒரு பீரங்கி. டமார் என்று நான் கேட்டது அந்தப் பீரங்கியைத்தான். சபையின் தண்ணீர்த் தொட்டியை உடைத்ததோடு அதன் வேலை முடிந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவர் முடிசூட்டிக்கொண்டார். சபை கிடையாது, ஓட்டு கிடையாது, கோர்ட்டு கிடையாது. அவர் வாயில் வருவதுதான் சட்டம். இரண்டு வருஷம்கூட அவர் தாக்குப்பிடிக்கவில்லை என்பது வேறு கதை. அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்?

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ராஜாவைப் பற்றி யோசிக்க எனக்கு நேரமில்லை, ஏனென்றால் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையை நானேதான் பிடித்தேன், டெலிபோனில்.

அவர் சூலூரில் ஒரு பட்டறையில் மெக்கானிக். பம்புசெட் ரிப்பேருக்கு ஊர் ஊராகப் போவார். போன இடத்திலிருந்து பட்டறைக்குப் பேச என்னிடம் லைன் கேட்பார். “ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க, சூலூருக்கு ஒரு லைனு குடுக்கறீங்களா?” லைன் கிடைக்கவில்லை என்றால், “பரவால்லீங்க, நீங்க என்னங்க பண்ணுவீங்க, லைனும் பாவமுங்க” என்பார். லைனுக்குப் பாவம் பார்த்த மனிதரை அதற்கு முன் நான் கண்டதில்லை. ஆறு மாதம் இப்படியே போயிற்று. ஒருநாள் “சூலூர் லைன் ரெடிங்க” என்றேன். “இல்லீங்க, இன்னைக்குச் சூலூரு வேண்டாமுங்க” என்றார். காதில் இருந்த குழல் சுட்டதுபோல் இருந்தது. இரண்டு வீட்டாரும் பேசித் தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவு செய்தார்கள்.

‘ங்க’ போடுவதில் எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் இவர் எல்லோருக்கும் ஒரு படி மேலே. ஓடாத மோட்டாரைத் தட்டிக்கொடுத்து “ஓடுங்க, ஓடுங்க” என்பார். ஆட்டுக்குட்டி வழியை மறித்தால் “சித்த நவுருங்க” என்று சொல்லிவிட்டு அது நகரும்வரை நிற்பார்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. ராஜா ஒருநாள் காலையில் ஊர்வலம் வந்திருக்கிறார். தெருவில் ஒருவர் பால்காரரை “வாங்க” என்கிறார். பால்காரர் மாட்டைப் பார்த்து “நில்லுங்க” என்கிறார். பிறகு திரும்பி ராஜாவைப் பார்த்து “கும்புடறனுங்க” என்கிறார். “எனக்கும் ‘ங்க’, மாட்டுக்கும் ‘ங்க’ என்றால் நான் எதற்கு இங்கே ராஜா?” என்று கேட்டாராம். கேள்வி நியாயமான கேள்விதான். ஆனால் கேட்டவர் கையில் பீரங்கி இருந்துவிட்டதே.

மறுநாள் தண்டோரா போட்டார்கள். இன்று முதல் ‘ங்க’ அரசருக்கு மட்டுமே உரியது. குடிகள் ஒருவரையொருவர் வா, போ என்றே அழைக்க வேண்டும். மீறினால் சிறை. எக்ஸ்சேஞ்சு வாசலில் நின்று நானே கேட்டேன். தண்டோராக்காரர் கணீரென்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, “எல்லாருங் கேட்டுக்கிட்டீங்களா?” என்றார். முதலில் கைதானவர் அவர்தான்.

ஒட்டுக்கேட்கப் பட்டாளத்து ஆட்களை ஊரெல்லாம் நிறுத்தினார்கள். அவர்கள் வெளிதேசத்துக்காரர்கள். தமிழ் அரைகுறை. ‘ங்க’ என்று காதில் விழுந்தால் பிடித்துவிட வேண்டியது. உடுமலைப்பேட்டைச் சந்தையில் “தேங்கா, தேங்கா” என்று கூவியவர்களை வரிசையாகக் கட்டி லாரியில் ஏற்றினார்கள். வெங்காய வியாபாரிகள் அடுத்த லாரியில் வந்தார்கள். பெருந்துறையில் ஒருவர் “பஸ்சு எங்க நிக்கும்?” என்று கேட்டதற்கு உள்ளே போனார். கடைசியில் தேங்காய், மாங்காய், வெங்காயம், தங்கம், அங்கே, இங்கே, எங்கே ஆகியவற்றுக்கு விலக்கு அளித்து அரண்மனையிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. அதை எக்ஸ்சேஞ்சுச் சுவரில் நான்தான் ஒட்டினேன். ஒட்டும்போது சிரித்ததற்கு ஒருநாள் சம்பளம் போயிற்று.

நான் கெட்டிக்காரி. ஒரே வாரத்தில் ‘ங்க’வை விட்டொழித்தேன். “யாரு நீ? யாரு வேணும்?” என்று லைனில் அதட்டிக் கேட்பேன். பெரிய பெரிய மில் முதலாளிகள் எல்லாம் “ஏங் கண்ணு, என்மேல ஏதாச்சுங் கோவமா?” என்று நடுங்கினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. சிக்கல் ஒன்றே ஒன்றுதான். லைனில் ராஜாவே வந்துவிட்டால்? அவரை “யாரு நீ?” என்றால் நாடுகடத்தல், மற்றவரை “யாருங்க?” என்றால் சிறை. எனவே மணி அடித்தால் முதலில் இருமுவது என்று நாங்கள் எல்லோரும் தீர்மானித்தோம். எதிர்முனையும் இருமினால் அது குடிமகன்.

இந்தக் கூத்தில் என் மனிதரை அரண்மனைக்குக் கூப்பிட்டார்கள். அரண்மனைக் கிணற்று மோட்டார் ஓடவில்லை. ராஜாவே பக்கத்தில் வந்து நின்று பார்த்திருக்கிறார். இவர் ஒரு நட்டை முடுக்கிவிட்டுக் கனிவாக, “சித்த பொறுங்க, இப்பச் சரியாயிருமுங்க” என்றார். ராஜா பெருந்தன்மையாகத் தலையசைத்தார். இவர் நிமிர்ந்து, “உங்களையில்லீங்க, மோட்டாரைச் சொன்னனுங்க” என்றார். உண்மையைத்தான் சொன்னார். அந்த உண்மை அவரை நேராகச் சிறைக்குக் கொண்டுபோனது.

தை மாதம் கல்யாணம் என்று அவர் கெஞ்சியதில் ராஜா ஒரு சலுகை கொடுத்தார். பதினைந்து நாள் கழித்து, தர்பாரில், கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணோடு எதிரெதிரே உட்கார்ந்து ஒரு டம்ளர் காப்பி குடிக்க வேண்டும். குடித்து முடிக்கும்வரை பேச வேண்டும். இருவர் வாயிலும் ‘ங்க’ வராவிட்டால் விடுதலை, கல்யாணம். வந்தால், யார் வாயில் வந்ததோ அவரை எல்லையிலிருக்கும் வாளையாற்றுக்கு அந்தப்பக்கம் நாடுகடத்திவிடுவார்கள். மற்றவர் எல்லை தாண்டக்கூடாது. கல்யாணம் இல்லை.

அந்தப் பதினைந்து நாளும் தினமும் சாயங்காலம் சிறைக்குப் போய் அவருக்குப் பாடம் எடுத்தேன். கம்பிக்கு அந்தப்பக்கம் அவர், இந்தப்பக்கம் நான்.

“நீன்னு சொல்லு” என்பேன்.

“நீ...” என்று ஆரம்பிப்பார். முகமெல்லாம் வேர்க்கும். மூச்சை இழுத்துவிடுவார். “...ங்க” என்பார்.

“போச்சு. வான்னு சொல்லு.”

“வா...” என்பார். உதட்டை இறுக்கி மூடிக்கொள்வார். நான் மனசுக்குள் கும்பிடுவேன். “முடியலீங்க” என்பார்.

எனக்குக் கோபம் தலைக்கேறும். தகரடப்பா என்றேன், வாழைமட்டை என்றேன், வேண்டுமென்றே அவருக்குச் சோறு கொண்டுபோகாமல் வெறும் தூக்குப்போசியைக் காட்டினேன். கோபம் வந்தால் மரியாதை போகும் என்பது என் கணக்கு. அவர் காலித் தூக்கைப் பார்த்துவிட்டு, “நீங்க சாப்பிட்டீங்களா?” என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் அழுதேன். இவரை நாடுகடத்தத்தான் போகிறார்கள், நான் அந்த எக்ஸ்சேஞ்சில் இருமிக்கொண்டே கிழவியாகப் போகிறேன் என்று நிச்சயமாகத் தோன்றியது.

அந்த நாள் வந்தது. தர்பார் என்பது பழைய சபை மண்டபம்தான். நடுவில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு டம்ளர் காப்பி. மேலே ராஜா. சுற்றிலும் பட்டாளம், அதற்குப் பின்னால் ஊர். சிறைக்குப் போன தேங்காய் வியாபாரிகள்கூட விடுதலையாகி வந்து நின்றார்கள். நான் வாசலில் நிற்க வேண்டும், அவர் என்னைக் கூப்பிட வேண்டும். அதுதான் ஆரம்பம்.

அவரைப் பார்த்தேன். சலவைச் சட்டை, படிய வாரிய தலை. வாயைத் திறந்தார். மண்டபத்தில் எல்லோரும் அவருக்காக உதட்டை இறுக்கிக்கொண்டார்கள்.

“வா” என்றார்.

வெறும் வா. பின்னால் ஒன்றும் வரவில்லை. அவரே நம்பவில்லை போலிருந்தது. பிறகு மெதுவாக, “வா கண்ணு” என்றார்.

அதுவரை ஒருவரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. வீட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள், அடுத்த வீட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள், லைனில்கூடக் கூப்பிட்டிருக்கிறார்கள். இது அது இல்லை. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை எனக்கு என்னவோ ஆயிற்று. ராஜா மறந்தது, பட்டாளம் மறந்தது, பதினைந்து நாள் நானே கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்த பாடம் மறந்தது. நான் வாயெல்லாம் பல்லாக நின்றேன்.

“வாரனுங்க” என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. மண்டபம் முழுவதும் ஒரே ஒரு ‘அய்யோ’ எழுந்தது. காப்பியை யாரும் தொடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. கெட்டிக்காரி, ஊரையே அதட்டியவள், முதல் வார்த்தையிலேயே விழுந்துவிட்டேன்.

ராஜாவுக்கும் ஏமாற்றம்தான் என்று நினைக்கிறேன். “ஆண் தேறிவிட்டான். பெண்ணை எல்லைக்குக் கொண்டுபோங்கள்” என்றார். ‘கொண்டுபோங்கள்’ என்பதில் இருந்த ‘ங்க’ அவர் காதில் விழவில்லை. அதைச் சொல்லிக்காட்ட அங்கே யாருக்கும் தைரியமும் இல்லை.

இரண்டு சிப்பாய்கள் என் பக்கம் வந்தார்கள். அப்போது என் மனிதர் தன் நாற்காலியை மெதுவாகப் பின்னால் தள்ளினார். அவசரப்படவில்லை. எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டு ராஜாவை நிமிர்ந்து பார்த்தார். ஆட்டுக்குட்டிக்கும் மோட்டாருக்கும் லைனுக்கும் கொடுத்த மரியாதை அந்த மனிதரிடம் இன்னும் எவ்வளவோ மிச்சம் இருந்தது. அதில் ஒரு துளியும் ராஜா பக்கம் போகவில்லை.

“ரெண்டு பேரும் போறோம்” என்றார். “நீ இரு.”

வாய் தவறிச் சொன்னது அல்ல. ராஜாவுக்கும் அது தெரிந்துவிட்டது. அவர் சிம்மாசனத்தின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அரசரிடம் ‘ங்க’ போடாத குற்றத்துக்கும் தண்டனை நாடுகடத்தல்தான். அதைவிடப் பெரிய தண்டனையை அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. ஆகவே எங்கள் இருவரையும் ஒரே லாரியில் ஏற்றினார்கள். மண்டபத்து வாசலில் ஊர் ஜனம் வழிவிட்டது. ஒருவர் விடாமல் எல்லோரும் “போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க” என்றார்கள். ஒட்டுக்கேட்கிற ஆட்கள் காதைச் சொறிந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

வாளையாற்றில் எங்களை இறக்கிவிட்டு லாரி திரும்பிப் போயிற்று. கையில் ஒரு பை கிடையாது. அவரிடம் ஒரு ஸ்பேனர் இருந்தது, என்னிடம் அதுவும் இல்லை. எதிரே பாலக்காட்டுச் சாலை. நான் குதிக்காத குறைதான்.

“ஏனுங்க, ஒருக்காச் சொல்லுங்க” என்றேன்.

“என்னதுங்க?”

“அங்க கூப்பிட்டீங்களே, அத.”

அவருக்குக் காதுவரை சிவந்துவிட்டது. “வாய் வராதுங்க” என்றார்.

“நல்லாருக்குதே. ராஜாவையே நீன்னு சொல்லிப்போட்டீங்க, என்னச் சொல்ல வாய் வராதா?”

“அவரு வெறும் ராஜாதானுங்களே” என்றார்.

தை பிறக்கும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. மறுநாளே பாலக்காட்டில் கல்யாணம் செய்துகொண்டோம்.