முருகனுக்கு நேர்ந்த சேவல்

யோகராணியின் நினைவு மலருக்கு அவளுடைய வாழ்க்கைக் குறிப்பை நான்தான் எழுதிக் கொடுத்தேன். பிறந்த ஊர், படிப்பித்த பள்ளிக்கூடம், கணவன் பெயர், மகள் பெயர், மெல்பேர்னுக்கு வந்த ஆண்டு என்று எல்லாம் சரியாகவே இருந்தன. வாசித்தவர்கள் நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று பாராட்டினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த இரண்டு பக்கத்தில் சேவல் இல்லை. சேவலை விட்டுவிட்டு அவளுடைய கதையை எழுதுவது வெறும் பாசாங்கு என்று எனக்குத் தெரியும். அவள் இருந்தவரை சொல்ல முடியாததை இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

யோகா யாழ்ப்பாணத்தில் கணக்கு ரீச்சராக இருந்தவள். எழுபத்து மூன்றில் கணவன் கேதீஸ்வரனோடும் மூன்று வயது மகள் ராதாவோடும் வந்து டண்டினொங்கில் குடியேறினாள். கேதீஸ்வரனுக்கு ஓர் எஞ்சினியரிங் கந்தோரில் படம் கீறும் வேலை. இவளுடைய ஆசிரியர் சான்றிதழை இங்கே யாரும் மதிக்கவில்லை. பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலைக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு ஒரு வருஷம் முந்தி வந்தவள் என்ற தலைக்கனம் எனக்கு அப்போது நிறைய இருந்தது. பஸ் எங்கே நிற்கும், எந்தக் கடையில் மிளகாய்த்தூள் கிடைக்கும் என்று எல்லாவற்றுக்கும் நானே அவளுக்கு வழிகாட்டி. அவளும் "நாகேஸ் அக்கா, நாகேஸ் அக்கா" என்று என்னையே சுற்றி வந்தாள்.

ராதாவுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. எழுபத்தைந்தில், பிள்ளைக்கு ஐந்து வயதானபோது, ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். ஏழு மணித்தியாலம். கேதீஸ்வரன் கீழே போய்ச் சிகரெட்டாக ஊதித் தள்ளினார். நானும் யோகாவும் மேலே நீள வாங்கில் குந்தியிருந்தோம். ஆறாவது மணித்தியாலத்தில் அவள் கைகூப்பி, "முருகா, பிள்ளையைத் தந்திடு, உனக்கொரு சேவல் விடுறன்" என்றாள். எங்கள் ஊரில் அப்படி நேர்ந்த சேவலைக் கோயிலில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அதன் பிறகு அது முருகனுடையது. அதை விற்க முடியாது, கொல்ல முடியாது, அதன் இறைச்சியை யாரும் வாயில் வைக்க முடியாது. பிள்ளை பிழைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் சிக்கல். அவுஸ்திரேலியா முழுக்க நாங்கள் அறிய ஒரு முருகன் கோயில் கிடையாது. சேவலைப் பிளேனில் ஏற்றவும் விடமாட்டார்கள். கோயில் கட்டும் வரைக்கும் முருகன் பொறுத்துக்கொள்வார், பக்கத்து வீட்டுக்காரன் பொறுப்பானோ என்று நான் பகிடி பண்ணினேன். அவள் சிரிக்கவில்லை. டண்டினொங் சந்தையில் ஒரு சேவற் குஞ்சும், அதற்குத் துணையாக மூன்று பேடுகளும் வாங்கி, பின் வளவில் கூடு அடித்து வளர்க்கத் தொடங்கினாள். சேவலை அவள் ஒருநாளும் "அது" என்று சொன்னதில்லை. "அவர்" என்றே சொல்லுவாள். அவருக்குக் காலையில் தொண்டை கரகரக்கிறது என்று அவள் சொன்னால், புருஷனைச் சொல்கிறாளா சேவலைச் சொல்கிறாளா என்று எனக்குச் சில வேளை விளங்காது.

பக்கத்து வீட்டில் டாசன் என்று ஒரு மனிதர் இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. வேலிக்கு அந்தப் பக்கம் பத்தடியில் அவருடைய படுக்கையறை யன்னல். முதல் இரண்டு வருஷமும் கண்டால் கையை உயர்த்துவார், அவ்வளவுதான். சேவல் வளர்ந்து விடிய நாலரைக்குக் கூவத் தொடங்கியதும் படலைக்கு வந்து, தன்னால் நித்திரை கொள்ள முடியவில்லை என்று முறையாகவே சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் பிழை இல்லை என்று யோகாவே ஒத்துக்கொண்டாள். அன்றிலிருந்து விடிய நாலு மணிக்கு எழும்பி, சேவலைப் பிஸ்கற் பெட்டிக்குள் வைத்து, மேலே போர்வை போட்டு, உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் கொண்டுபோய்ப் பூட்டினாள். அது பெட்டிக்குள் இருந்தும் கூவியது. அறைக்குள் கூவியது இன்னும் பெரிதாகக் கேட்டது.

சமாதானமாகப் போவோம் என்று ஆறு முட்டைகளைக் கிண்ணத்தில் வைத்து டாசனின் வாசலில் விட்டு வந்தாள். அடுத்த நாள் அவை அவளுடைய தபால் பெட்டிக்குள் உடைந்து கிடந்தன. அன்று ஊரிலிருந்து வந்திருந்த தாயின் கடிதம் மஞ்சட் கருவில் ஊறிப்போயிருந்தது. அதைக் கழுவி வெயிலில் காயவைத்து, அழிந்த எழுத்துகளை ஊகித்து ஊகித்து என்னிடம் வாசித்துக் காட்டினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆளின் யன்னலுக்குக் கல்லெறிய வேண்டும் போலிருந்தது.

பிறகு ஒவ்வொன்றாகத் தொடங்கியது. கூட்டின் தகரக் கூரையில் மண்ணாங்கட்டிகள் வந்து விழுந்தன. வேலிக்கு மேலால் ஹோஸ் பைப்பைப் பிடித்துக் கோழிகளை நனைத்தார். உங்கள் நாட்டில் நடத்துவது போல இங்கே பண்ணை நடத்த முடியாது, வேண்டுமென்றால் அங்கேயே போய் நடத்துங்கள் என்று பிள்ளைக்கு முன்னால் சொன்னார். ராதா பின் வளவுக்குப் போவதையே விட்டுவிட்டது. கேதீஸ்வரன் சண்டை என்றால் சட்டைப் பொத்தானைத் திருகும் மனுஷன். வந்த இடத்தில் ஏன் வம்பு, சேவலை யாரிடமாவது தள்ளிவிடு என்று தினமும் நச்சரித்தார்.

"பிள்ளையின்ர உயிருக்கு நேர்ந்ததப்பா. அவருக்கு ஏதும் நடந்தா நான் முருகனுக்கு என்ன பதில் சொல்லுறது?" என்று அவள் கேட்டாளாம். கேதீஸ்வரன் பொத்தானைத் திருகிக்கொண்டு எழும்பிப் போனாராம்.

டாசன் கவுன்சிலுக்கு எழுதிப் போட்டார். ஓர் அதிகாரி வந்து கூட்டை அளந்து பார்த்து, பேடுகள் இருக்கலாம், சேவல் பதினாலு நாளுக்குள் போக வேண்டும், இல்லையென்றால் தாங்களே கொண்டுபோய் அழித்துவிடுவோம் என்று கடிதம் கொடுத்தார். மரியாதையாகத்தான் கொடுத்தார். யோகா கடைசி முயற்சியாக டாசனின் வீட்டுக்கே போனாள். அவர் வலைக் கதவைத் திறக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்று, தன் நல்ல இங்கிலீசில், பிள்ளையின் சத்திரசிகிச்சையையும் நேர்த்தியையும், இந்தச் சேவல் கடவுளுடையது என்பதையும் எடுத்துச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடவுளுடையது என்றால் சேர்ச்சில் கொண்டுபோய் வை என்று சொல்லி உள்ளே போய்விட்டார். அடுத்த நாள் தொழிற்சாலையில் அவள் அதைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு பிஸ்கற் பெட்டிகளுக்கு மேல் முகத்தை வைத்து அழுதாள்.

அப்போது நான்தான் வாயைக் கொடுத்தேன். நானும் கணவர் விக்னராஜாவும் ரோவிலில் ஒரு பழைய பண்ணை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அந்த நாளில் அங்கே வெறும் புல்வெளிதான், அடுத்த வீடு கண்ணுக்கே தெரியாது. சேவல் எங்கள் வளவில் நிற்கட்டும் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேதீஸ்வரனின் காரில், மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். சேவலின் நெற்றியில் விபூதி பூசியிருந்தாள்.

"அக்கா, அண்ணைக்கும் சொல்லி வையுங்கோ, இது நேர்த்திச் சேவலெண்டு" என்றாள்.

"ஓம், சொல்லுறன்" என்றேன்.

சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்காரருக்குச் சாமி, நேர்த்தி என்றாலே பகிடி. சொன்னால் ஒரு கிழமைக்கு என்னையும் யோகாவையும் வைத்துக் கேலி பண்ணுவார் என்று நினைத்தேன். யோகா வீட்டுச் சேவல், கவுன்சில் கரைச்சல், இனி எங்களிடம்தான் நிற்கும் என்று மட்டும் சொன்னேன். ஒரு வசனம் கூடச் சொல்லியிருந்தால் போதும். கேலிக்குப் பயந்து அந்த ஒரு வசனத்தை விழுங்கினேன்.

ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கு மேலேயே போனது. ரோவிலுக்கு அப்போது பஸ் சரியாகக் கிடையாது, யோகாவால் நினைத்தபடி வர முடியாது. ஆனால் தினமும் வேலைக்கு வந்ததும், "அவர் சாப்பிட்டவரோ?" என்று கேட்டுவிட்டுத்தான் கையுறை போடுவாள்.

அந்தச் சனிக்கிழமை என் கணவரின் பள்ளித் தோழன் ஆனந்தராஜா சிட்னியிலிருந்து வந்திருந்தார். ஸ்ட்ராத்ஃபீல்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் மனிதர். இங்கத்தைய ஐஸ் கோழி பஞ்சைச் சப்புவது போல இருக்கிறது, ஊர்க் கோழிக் கறி தின்று நாலு வருஷம் என்று முதல் நாளே புலம்பத் தொடங்கிவிட்டார். யோகா குடும்பத்தையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தோம். எனக்கும் யோகாவுக்கும் அன்று காலையில் ஓவர்டைம். முடிந்ததும் கேதீஸ்வரன் ராதாவோடு வந்து எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். நல்ல மழை. படலையைத் திறக்கும்போதே கறி மணம் வந்தது. சாப்பிட்டு, மழை விட்ட பிறகு பின்னால் போய் அவரைப் பார்ப்போம் என்று யோகா ராதாவுக்குச் சொன்னாள்.

எல்லோரும் பசியோடு இருந்தார்கள். ஆனந்தராஜா உடனே பரிமாறத் தொடங்கிவிட்டார். நான் ஈரச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் குசினிக்குள் போனேன். என் கணவர் சட்டி மூடியைத் திறந்து பெருமையாகக் காட்டினார்.

"மணத்தைப் பார். ஊர்க் கோழி தோத்துப் போகும்."

"எங்க வாங்கினீங்கள்?"

"ஏன் வாங்க வேணும்? வளவில நிண்டதைத்தான் அடிச்சனாங்கள்."

குசினிக் கதவால் பார்த்தேன். யோகா கதிரையில் இருந்து, எலும்பை விலக்கி, சோறும் இறைச்சியும் குழைத்து, முதல் வாயை ராதாவுக்கு ஊட்டினாள். அடுத்ததைத் தான் வைத்தாள். சாப்பாட்டில் இருந்தவர்களை எழுப்பக் கூடாது என்று எங்களுக்குச் சிறு வயதிலிருந்தே சொல்லி வைத்திருக்கிறார்கள். அதை எனக்குச் சாட்டாக எடுத்துக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். இனி எழுப்பி என்ன, தொண்டைக்குள் போய்விட்டதே என்று நினைத்துக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எத்தினை நாளுக்குப் பிறகு இப்பிடியொரு கறி அக்கா" என்றாள். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கை கழுவிவிட்டுக் குசினிக்கு வந்து, அவருக்கு வைக்கக் கொஞ்சம் வெறுஞ்சோறு தரச் சொன்னாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல், முந்தநாள் நரி பிடித்துவிட்டது, உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை என்றேன். ரோவிலில் நரி உண்டு, யாரும் நம்புவார்கள். அவள் அழவில்லை. ஈரக்கையோடு போய் ராதாவின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். என் கணவர் அகப்பையோடு நின்று எங்களை மாறி மாறிப் பார்த்தார். அவர்கள் போன பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பகிடிக்கார மனுஷன் மழைக்குள் போய், எலும்புகளைப் பொறுக்கிக் கொண்டுபோய் வளவின் மூலையில் புதைத்தார்.

யோகா எங்கள் மேல் ஒரு சொல் குற்றம் சொல்லவில்லை. தன்னையும் டாசனையும்தான் நொந்தாள். அடுத்த நாளிலிருந்து மச்சம் மாமிசத்தை விட்டாள். ராதாவை ஓட விடவில்லை, நீந்த விடவில்லை, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி நாட்களில் காய்ச்சல் என்று கடிதம் கொடுத்தாள். பிள்ளை தும்மினாலும் இவளுடைய முகம் வெளிறும். ஒரு நாள் டாசன் வேலியடிக்கு வந்து, இப்போது நிம்மதியாகத் தூங்குகிறேன், நன்றி என்றாராம். சேவல் செத்துப்போனது, இனி சந்தோஷம்தானே என்று இவள் கேட்டாளாம். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டு, தனக்கு நித்திரைதான் வேண்டியிருந்தது, இதைக் கேட்க வருத்தமாக இருக்கிறது என்று சொன்னாராம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவரோடு பேசவில்லை.

டாசன் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் அந்தச் சேவலின் ஓர் இறகைக்கூடத் தொடவில்லை. யோகா அவரைத் திட்டும்போதெல்லாம் நானும் சேர்ந்து திட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த அசிங்கமான காரியம் அதுதான்.

எழுபத்தொன்பதில், ராதாவுக்கு ஒன்பது வயதில், இதயம் முழுக்கச் சுகமாகிவிட்டது, இனி வரத் தேவையில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்று பின்னேரமே யோகா பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ராதாவை வளவில் விளையாட விட்டுவிட்டு, குசினியில் என் முன்னால் இருந்தாள். நாலு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுடைய முகத்தில் வெளிச்சத்தைக் கண்டேன்.

"நேர்த்தி நிறைவேறேல்லைத்தான் அக்கா. ஆனாலும் முருகன் மன்னிச்சிட்டார். ஏனெண்டு யோசிச்சுப் பாத்தனான். நேர்ந்ததை மனிசர் வாயில வைச்சாத்தான் பாவம். நரி வாயில்லாச் சீவன், அதுக்கு என்ன தெரியும்? எங்களில ஒருத்தரும் அவரைத் தின்னேல்லைத்தானே. அந்த ஒண்டை நினைச்சுத்தான் நான் இவ்வளவு நாளும் நித்திரை கொண்டனான்."

நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மேசைக்கு மேலால் என் கையைப் பிடித்தாள்.

"நரிதானே அக்கா?"

"ஓம் யோகா. நரிதான்" என்றேன்.