லாஞ்சுக்கு ஏற்ற பம்ப்

நான் ஓட்டிய லாஞ்சுக்குள், அந்த மோட்டார் படகுக்குள், இருந்தது ஒரு பழைய அமெரிக்கக் காரின் எஞ்சின். தூத்துக்குடியில் அப்போது கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாமல் நாலைந்து மைல் தள்ளி நிற்கும். ஆட்களைக் கொண்டுபோய் அதில் ஏற்றுவதுதான் என் வேலை. உலகச் சண்டை நடந்த வருடங்களில் பெட்ரோல் கிடைக்காமல் லாஞ்ச் கரையில் சும்மா கிடந்தது. சண்டை முடிந்து கொழும்புக் கப்பல் திரும்ப ஓட ஆரம்பித்ததும், முதல் ஆளாகப் பெட்டியோடு வந்து நின்றது என் அக்கா.

அத்தானுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. சண்டைக்கு முன் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். அத்தனை வருடமும் அக்கா என்னோடு இருந்தாள். எனக்குச் சோறு போட்டதும், சட்டைக்குப் பொத்தான் தைத்ததும், என்னோடு மல்லுக்கு நின்றதும் அவள்தான். அம்மா போன பிறகு வீடு என்றால் எனக்கு அவள். ‘உடனே புறப்பட்டு வா’ என்று அத்தானின் கார்டு வந்த நாளிலிருந்து நான் ஓரிடத்தில் உட்காரவில்லை. வீட்டுக்கும் துறைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

அன்று காலை லாஞ்சைக் கிளப்பினால், எஞ்சின் இரண்டு தடவை செருமிவிட்டு நின்றது. டாங்கியிலிருந்து பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் பம்பைக் கழற்றினேன். உள்ளே இருந்த ரப்பர் துணி வருடக்கணக்கில் காய்ந்து வெடித்திருந்தது. கடலிலிருந்து கரைக்கு வீசும் கொண்டல் காற்று எதிரே அடித்தது. பாய்த்தோணியில் போனால் கப்பல் கிளம்பிய பிறகுதான் போய்ச் சேரலாம். அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டதற்குக் கப்பல் ஆபீசில் கையை விரித்தார்கள். மூன்று மணிக்குள் லாஞ்ச் புறப்பட்டாக வேண்டும்.

பழைய சாமான் கடைக்கு ஓடினேன்.

“எந்தக் காரு?” என்றார் கடைக்கார அண்ணாச்சி.

“காரு இல்ல அண்ணாச்சி, லாஞ்சு. எஞ்சின் மட்டும் காருது.”

“அப்பம் காரு பேரச் சொல்லும்.”

சொன்னேன். மூன்று பம்புகளை எடுத்து வைத்தார். மூன்றிலும் போல்ட் துளைகள் என் எஞ்சினுக்குச் சரியாக இருந்தன. அவரைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. துளையைப் பார்த்துப் பம்ப் வாங்கக் கூடாது, கையைப் பார்க்க வேண்டும். பம்பிலிருந்து நீளும் இரும்புக் கையை எஞ்சினுக்குள் சுழலும் தண்டு தட்டத் தட்டத்தான் பெட்ரோல் ஏறும். பழைய பம்பின் கையில் தண்டு உரசிப் பளபளத்த இடம் தெரிந்தது. அந்த இடம் வரைக்கும் ஓர் ஈர்க்குச்சியை வைத்து ஒடித்து, அதைக்கொண்டு மூன்றையும் அளந்தேன். ஒன்றின் கை நீளம், மாட்டினால் முறிந்துவிடும். இன்னொன்று வேறு பக்கம் வளைந்திருந்தது. மூன்றாவது அரை நெல் அளவு குட்டை.

“ஓடும்வே, கொண்டு போம்” என்றார் அண்ணாச்சி.

அந்தக் குட்டைக் கைப் பம்பையே வாங்கி வந்து மாட்டினேன். ஓடத்தான் செய்தது. துறையில் கட்டிப் போட்டபடி கிளப்பியதும் எஞ்சின் நன்றாகவே உறுமியது. நின்றவர்களுக்கெல்லாம் சந்தோஷம். ஆனால் எனக்குத் தெரியும். கொண்டலை எதிர்த்து முழு வேகத்தில் போகும்போது இந்தக் குட்டைக் கை போதாது. பாதி வழியில் பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் நின்றுவிடும். காற்றே எங்களைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். கப்பல் போயிருக்கும். அக்கா வீட்டுக்குத் திரும்புவாள். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

பெட்டிமேல் உட்கார்ந்திருந்த அக்கா என்னையே பார்த்தாள்.

“ஏலே, ஓடுமா ஓடாதா?”

“ஓடுதுல்லா. சத்தம் கேக்கலியா?”

“கப்பல் வரைக்கும் ஓடுமான்னு கேக்கேன்.”

அவளிடம் மட்டும் எனக்குப் பொய் வராது. கோபம்தான் வந்தது.

“ஓடாது! கை குட்டை. பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இருக்க பாக்கிங் தடியா இருக்கு. அத எடுத்துட்டு மெல்லிசா ஒரு அட்டைய வெட்டி வச்சா கை இன்னும் கொஞ்சம் உள்ள போவும். இந்நேரம் அட்டைக்கு நான் எங்க போவேன்?”

அட்டை தேடினால் கிடைக்காமலா போகும்? அது அவளுக்கும் தெரியும். சுருக்குப்பையைத் திறந்து ஒரு தபால் கார்டை எடுத்து நீட்டினாள்.

“அத்தான் கார்டுல்லா அக்கா.”

“மனப்பாடமா இருக்குலே. வெட்டு.”

வெட்டினேன். அத்தானின் கோணல் கையெழுத்தின் நடுவே பம்பின் கை நுழைய ஓட்டை போட்டேன். எண்ணெயில் ஊறவைத்து, பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையில் வைத்து முறுக்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு ஒழுங்காக எதையும் மாட்டியதில்லை.

கப்பலுக்குப் போய்ச் சேரும்வரை, ‘நின்னு தொலையேன்’ என்று எஞ்சினை மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே ஓட்டினேன். அது நிற்கவில்லை. கப்பல் ஏணியில் பாதி ஏறிய அக்கா திரும்பி, “நேரத்துக்குச் சாப்பிடுலே” என்று கத்தினாள். நான் பம்பைக் குனிந்து பார்ப்பது போல் இருந்துகொண்டேன்.

திரும்பும்போது லாஞ்சில் நான் மட்டும்தான். வாய்விட்டு அழுதேன். பாழாய்ப்போன எஞ்சின் கரை வரைக்கும் ஒரு தடவைகூடச் செருமவில்லை.